மாடியிலிருந்து தெரிகிற அந்தத் தீ: கச்சா எண்ணெயிலிருந்து கேஸை எப்படிப் பிரிக்கிறார்கள்

திருவாரூர் பக்கத்துக் கிராமம், மாடியில் நின்றால் வயலுக்கு அந்தப்புறம் எண்ணெய் நிலையத்துத் தீ ராத்திரி முழுக்க எரிவது தெரிகிறது, எண்ணெய் எடுக்கிற இடத்தில் கேஸை ஏன் எரிக்கிறார்கள், எண்ணெய்க்குள் இருக்கிற கேஸை எப்படிப் பிரிக்கிறார்கள், பிரிக்காமல் அப்படியே அனுப்பினால்தான் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். டிப்ளமோ முடித்த தம்பியை இந்த வேலைக்கு அனுப்பலாமா என்றும் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். டெல்டாவில் இந்த மாதிரி நிலையங்களில் இருபது வருடத்துக்கு மேல் ஷிஃப்ட் பார்த்தவன் நான். எந்த நிறுவனம், எந்த நிலையம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். பதில் கொஞ்சம் நீளமாகத்தான் வரும், ஏனென்றால் அந்தத் தீயைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் கிணற்றின் அடியிலிருந்து ஏறி வர வேண்டும்.

பெரும்பாலோர் மனதில் இருக்கிற படம் இது: பூமிக்கு அடியில் ஒரு குளம், குளத்தில் எண்ணெய், அதற்கு மேலே கேஸ், மூடியைத் திறந்தால் கேஸ் போய்விடும். குளம் எதுவும் கிடையாது. கல்லின் நுண்துளைகளில் எண்ணெய் ஊறிக் கிடக்கிறது, கேஸ் அந்த எண்ணெய்க்குள்ளேயே கரைந்திருக்கிறது. எண்ணெய்க்கு மேல் கேஸ் தனியாகத் தொப்பி மாதிரி நிற்கிற இடங்களும் உண்டு, ஆனால் நீங்கள் கேட்பது கரைந்திருக்கிற கேஸைப் பற்றி. கோலி சோடாவைக் கையில் எடுத்துப் பாருங்கள். கோலி வாயை அடைத்திருக்கிற வரைக்கும் உள்ளே ஒரு குமிழிகூடத் தெரியாது, வெறும் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். கட்டைவிரலால் கோலியைத் தட்டியதும் புஸ்ஸென்று பொங்குகிறதே, அந்தக் காற்று அதற்கு முன் எங்கே இருந்தது? தண்ணீருக்குள்தான். அழுத்தம் இருக்கிற வரை கரைந்திருக்கும், அழுத்தம் விட்டதும் வெளியே வரும். கச்சா எண்ணெயிலும் நடப்பது இதுவேதான், அளவுதான் வேறு.

அளவு எவ்வளவு வேறு என்று பாருங்கள். பத்து மீட்டர் ஆழத் தண்ணீருக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம். நிலையத்தில் நாங்கள் வெறுமனே ‘கிலோ’ என்றுதான் சொல்வோம், எடையோ என்று குழம்ப வேண்டாம். 2,000 மீட்டர் ஆழத்தில் எண்ணெய் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் அங்கே அழுத்தம் சுமார் 200 கிலோ. உங்கள் வீட்டுக் குக்கரில் விசில் வரும்போது உள்ளே இருப்பது ஒரு கிலோவுக்குப் பக்கம், கார் டயரில் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. அந்த 200 கிலோவில் ஒரு கன மீட்டர் எண்ணெய்க்குள் நூறு கன மீட்டர் கேஸ்கூடச் சாதாரணமாக அடங்கிக் கிடக்கும், லேசான எண்ணெயாக இருந்தால் அதற்கு மேலும் போகும். கரைந்திருக்கிற கேஸ் எண்ணெயை உப்ப வைத்திருக்கும் என்பதால் கேஸ் வெளியேற வெளியேற எண்ணெய் சுருங்கும். கீழே 130 பீப்பாய் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது மேலே டேங்குக்கு வரும்போது 100 பீப்பாயாக நிற்பதில் ஆச்சரியமே இல்லை. முதன்முதலாக இதைக் கேட்டபோது மீதி 30 பீப்பாயை யாரோ திருடிவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

இன்னொன்று, இந்தக் கேஸ் வேண்டாத சரக்கு என்று நினைத்துவிடக் கூடாது. எண்ணெயை மேலே தூக்கிக் கொண்டுவருவதே பல கிணறுகளில் இதுதான். எண்ணெய் குழாய் வழியாக ஏற ஏற அழுத்தம் குறைகிறது, ஒரு கட்டத்தில் முதல் குமிழி பிறக்கிறது. அந்த அழுத்தத்துக்குப் பெயர் பபுள் பாயிண்ட். குழாயில் அந்த இடத்துக்கு மேலே குமிழி பெருகி, எண்ணெய்த் தூண் லேசாகி, தானாகவே பொங்கி மேலே வரும். கேஸ் சத்து தீர்ந்த கிணற்றில் எண்ணெய் இருந்தாலும் எழும்பாது, மேலே தலையாட்டும் பம்ப்பு வைக்க வேண்டும், இல்லையென்றால் வேறு இடத்திலிருந்து கேஸை உள்ளே அடித்து எழுப்ப வேண்டும்.

கிணற்று வாயில் வால்வு வால்வாக அடுக்கி நிற்கிற அமைப்பைக் கிறிஸ்துமஸ் ட்ரீ என்போம். அதில் பீன் என்று ஒரு சின்னத் துளை இருக்கும், ஆறு மில்லிமீட்டர், எட்டு மில்லிமீட்டர் என்று. அந்தத் துளைதான் கிணற்றின் கடிவாளம். முன்னால் 100 கிலோ இருந்தால் பின்னால் 20 கிலோ. அவ்வளவு அழுத்தம் ஒரே இடத்தில் விழுவதால் கேஸ் விரிந்து குளிர்ந்துபோகும், சித்திரை வெயிலில் நாம் நனைந்து நிற்கும்போது அந்தக் குழாயும் ஐஸ் வாட்டர் பாட்டில் மாதிரி வியர்த்து நிற்கும். மெழுகு உள்ள எண்ணெயாக இருந்தால் அந்தக் குளிரில் மெழுகு கட்டிக்கொள்ளும். கூட வருகிற தண்ணீரும் எண்ணெயும் அந்தத் துளையில் நசுங்கி வெளியே வரும்போது கடைந்த மாதிரி கலந்துவிடும். அதன் தொல்லையைப் பின்னால் சொல்கிறேன்.

அங்கிருந்து எண்ணெய், கேஸ், தண்ணீர், கொஞ்சம் மணல் எல்லாம் ஒரே குழாயில் வயல்களுக்கு அடியில் நிலையத்துக்கு வரும். 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் கசிந்தது குத்தாலம் பக்கம் போகிற இப்படிப்பட்ட ஒரு குழாய்தான். அன்றைக்கு அந்த ஊர் மக்கள் தெருவில் இறங்கியதும், கைதுகளும், அதற்குப் பிறகு மாதக்கணக்கில் நடந்த போராட்டமும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கிணற்றிலிருந்து நேரே வருகிற சரக்கு இன்னும் அடங்காத சரக்கு என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் பிரிப்பது எல்லாம் இதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

நிலையத்தை ஜிஜிஎஸ் என்று சொல்வார்கள், பல கிணறுகளின் சரக்கைச் சேர்க்கிற இடம். உள்ளே வந்ததும் பாத் ஹீட்டர், அதாவது வெந்நீர்த் தொட்டிக்குள் குழாயை வளைத்து வளைத்து ஓட்டிச் சூடாக்குவது. அப்புறம் செப்பரேட்டர். மாடியிலிருந்து பார்த்தால் படுக்க வைத்த டேங்கர் லாரி மாதிரி தெரிகிறதே, அதேதான். நிற்க வைத்ததும் உண்டு. உள்ளே பெரிய மாயாஜாலம் கிடையாது. சரக்கு வேகமாக உள்ளே வந்து ஒரு தகட்டில் மோதும், மோதின வேகத்தில் கேஸ் பாதிக்கு மேல் பிரிந்துவிடும். திரவம் கீழே விழும், கேஸ் மேல் பாதியில் மெதுவாக நகரும். மெதுவாக என்பதுதான் முக்கியம், ஏனென்றால் கேஸோடு பறக்கிற எண்ணெய்த் துளிகள் தம் எடையில் கீழே விழ நேரம் கொடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொடித்துளிகள் அப்படியும் விழாது, அதற்காகக் கேஸ் வெளியேறும் வாயில் டெமிஸ்டர் இருக்கும். பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரை ஒரு சாண் கனத்துக்குப் படுக்கையாக விரித்து வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. பனி புல்லில் கட்டுகிற மாதிரி துளிகள் அந்தக் கம்பியில் கூடிப் பெரிதாகிச் சொட்டும்.

திரவத்துக்கும் நேரம் வேண்டும், உள்ளே மாட்டிக்கொண்ட குமிழிகள் மேலே வருவதற்கு. லேசான எண்ணெய்க்கு ஒரு நிமிடம் போதும், தண்ணீரையும் அங்கேயே பிரிக்க வேண்டுமானால் மூன்று நிமிடம், ஐந்து நிமிடம். நுரைக்கிற எண்ணெயாக வந்துவிட்டால் அந்தக் கணக்கெல்லாம் செல்லாது. பால் பொங்கும்போது பாத்திரம் நிறையப் பால் இருப்பதாகத் தெரியும், ஊதினால் கால் பாத்திரம்தான் இருக்கும் இல்லையா, செப்பரேட்டருக்குள் அதுதான் நடக்கும், நாம் பார்க்க முடியாது, ஊதவும் முடியாது. நுரை அடக்கும் மருந்து கொஞ்சம் போடுவார்கள்.

இப்போது உங்கள் கேள்வியின் நடு விஷயத்துக்கு வருகிறேன், எண்ணெய்க்காரர்களிலேயே பல பேருக்கு இது பிடிபடுவதில்லை. கேஸ் தானாக வெளியே வந்துவிடும் என்றால் ஒரேயடியாகத் திறந்து விட்டுவிடலாமே, எதற்கு 30 கிலோவில் ஒரு செப்பரேட்டர், 10 கிலோவில் ஒன்று, 3 கிலோவில் ஒன்று என்று படிப்படியாக வைக்கிறார்கள்? பதில்: ஒரேயடியாகத் திறந்தால் எண்ணெய் நஷ்டம்.

கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் நெரிசலான பஸ் வந்து நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பேர் அங்கே இறங்க வேண்டியவர்கள், மீதிப் பேர் மயிலாடுதுறைக்குப் போகிறவர்கள். ஒரே வாசலில் எல்லோரும் முண்டியடித்து இறங்கினால், இறங்க வேண்டாதவர்களையும் கூட்டம் தள்ளிக்கொண்டு கீழே விட்டுவிடும். நாலு நிறுத்தத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால் உட்கார்ந்திருப்பவர் உட்கார்ந்தே இருப்பார். கச்சா எண்ணெயில் மீத்தேன், ஈத்தேன் எல்லாம் எப்படியும் இறங்கப் போகிறவை. புரொப்பேன், பியூட்டேன் வாசல் படியில் தொங்குகிற ரகம். பென்டேன், ஹெக்சேன் உள்ளே சீட்டில் இருக்க வேண்டியவை, பெட்ரோலுக்கு ஆகிற சரக்கு. 50 கிலோவிலிருந்து ஒரே தாவாகக் காற்றழுத்தத்துக்கு இறக்கினால் மீத்தேன் மொத்தமும் அந்தக் கடைசிக் குறைந்த அழுத்தத்தில் வெளியேறி, தன்னோடு பென்டேனையும் அள்ளிக்கொண்டு போகும். முதல் படியை அதிக அழுத்தத்திலேயே வைத்தால் மீத்தேனில் பெரும்பங்கு அங்கேயே கழன்றுவிடும். அந்த அழுத்தத்தில் கனமான சரக்குக்கு வெளியே போக ஆசை இருக்காது. அடுத்தடுத்த படிகளில் தள்ளிக்கொண்டு போக ஆள் குறைவு. இப்படிச் செய்தால் அதே கிணற்றிலிருந்து நூற்றுக்குச் சில பீப்பாய் எண்ணெய் கூடுதலாக டேங்குக்கு வரும், கேஸும் அதிக அழுத்தத்திலேயே கிடைப்பதால் அதைக் கம்ப்ரஸர் இல்லாமல் நேரே குழாயில் அனுப்பலாம். இரண்டு படியிலிருந்து மூன்றாக்கினால் லாபம் நன்றாகத் தெரியும், நாலாவதுக்கு மேல் போட்ட இரும்புக்கு வரவு தேறாது.

கடைந்த மோர் மாதிரி கலந்த தண்ணீரைப் பிரிப்பது தனி வேலை. ஹீட்டர் ட்ரீட்டர் என்கிற கலத்தில் சூடாக்கி, லிட்டர் கணக்கில் பார்த்தால் துளித்துளியாக ஒரு ரசாயனம் சேர்த்து உடைப்பார்கள், சில இடங்களில் உயர் மின்னழுத்தம் கொடுத்து நீர்த்துளிகளை ஒன்றோடொன்று சேர வைப்பார்கள். சூடாக்குவதால் மிச்சமிருக்கும் கேஸும் இங்கே கொஞ்சம் கிளம்பும். நீங்கள் தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை, அதனால் இதோடு விடுகிறேன்.

நான் வாங்கிக் கட்டிக்கொண்ட கதை ஒன்று சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம், கார்த்திகை மாதம், விடாத மழை, ராத்திரி ஷிஃப்ட். செப்பரேட்டரில் எண்ணெய் மட்டத்தைப் பார்க்கப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும், மணிக்கொரு தரம் போய்ப் பார்த்து லாக் ஷீட்டில் எழுத வேண்டும். பதினோரு மணிக்கு 50 சதவீதம், பன்னிரண்டுக்கு 50, ஒரு மணிக்கு 50. மழையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்து, எவ்வளவு ஒழுங்காக ஓடுகிறது என்று எனக்கே பெருமை. ஒன்றேகாலுக்கு வாசலில் இருந்த செக்யூரிட்டி ஓடி வந்தார். வெளியே வந்தால் ஃப்ளேர் தீ, அதாவது கேஸை எரிக்கிற குழாயின் நுனித் தீ, ரத்தச் சிவப்பாக இருக்கிறது, மேலே கரும்புகை, தீத்துளிகள் சொட்டுச் சொட்டாகக் கீழே விழுகின்றன. கண்ணாடிக் குழாய்க்குப் போகிற சின்னத் துவாரத்தில் மெழுகு அடைத்து, நான் பார்த்துக்கொண்டிருந்தது இரண்டு மணி நேரத்துக்கு முந்தைய மட்டம். உள்ளே எண்ணெயை வெளியேற்றும் தானியங்கி வால்வும் மாட்டிக்கொண்டு மட்டம் ஏறி ஏறி, டெமிஸ்டரைத் தாண்டி, எண்ணெய் கேஸ் குழாய்க்குள் போய்விட்டது. ஃப்ளேருக்கு முன்னால் அப்படி வரும் திரவத்தைப் பிடிக்க நாக் அவுட் டிரம் என்று ஒரு கலம் இருக்கிறது, அதுவும் நிரம்பி வழிந்திருக்கிறது. ஷிஃப்ட் இன்சார்ஜ் வந்து கையால் பைபாஸ் வால்வைத் திறந்து, இரண்டு கிணற்றை மூடி, அரை மணி நேரத்தில் அடக்கினார். என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “ஓடுற சரக்கோட லெவல் ரெண்டு மணி நேரம் அசையாம நிக்குமாடா?”

விடிந்ததும் பக்கத்து வயல்காரர் ஒரு பிடி சம்பா நாற்றைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தார். தோகையெல்லாம் கறுப்புப் பொட்டு. “ஏன் தம்பி, ராத்திரி எங்க வயல்ல எண்ணெ மழ பேஞ்சிருக்கு, நீங்க பாக்கலியா?” என்றார். கோபப்பட்டுக்கூடக் கேட்கவில்லை. அவருக்கு நஷ்டஈடு வர அடுத்த அறுவடையும் முடிந்துவிட்டது, வந்த தொகையும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை.

சரி, படிப்படியாகப் பிரித்தாகிவிட்டது, இனி கேஸ் இல்லை என்று சொல்லிவிடலாமா? முடியாது. கடைசி செப்பரேட்டரிலிருந்து டேங்குக்கு வரும்போதும் எண்ணெய்க்குள் புரொப்பேனும் பியூட்டேனும் கொஞ்சம் இருக்கும். டேங்கின் மேலேறி டிப் எடுக்கிறவனுக்கு, அதாவது டேப்பை இறக்கி எண்ணெய் மட்டத்தை அளக்கிறவனுக்குத்தான் இது தெரியும். மூடியைத் திறந்ததும் நேரே குனியக் கூடாது, காற்று வருகிற பக்கம் முதுகைக் காட்டி நின்று, கொஞ்சம் பொறுத்து, அப்புறம்தான் டேப்பை இறக்க வேண்டும். டேப்பின் நுனியில் பித்தளைக் குண்டு தொங்கும், இரும்பில் இடித்தாலும் பொறி பறக்காது என்பதற்காக. வெயில் நேரத்தில் அந்த வாயிலிருந்து ஆவி எழுவது கண்ணுக்கே தெரியும், தார் ரோட்டில் தூரத்தில் நெளிகிறதே கானல், அதே மாதிரி, ஆனால் இங்கே கைநீட்டும் தூரத்தில். அடியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கக் குண்டில் ஒரு பசையைத் தடவி விடுவோம், தண்ணீர் பட்ட உயரம் வரை நிறம் மாறி வரும். நாலைந்து டேங்க் ஏறி இறங்கினால் லேசாகத் தலை கிறுகிறுக்கும், அதை வெயில் என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு.

அந்த மிச்சக் கேஸை அளக்க ஒரு கணக்கு இருக்கிறது. எண்ணெயை 37.8 டிகிரிக்குச் சூடாக்கி, மூடிய கலத்தில் அதன் ஆவி எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறது என்று பார்ப்பார்கள். ரீட் ஆவி அழுத்தம் என்று பெயர். பழைய ஃபாரன்ஹீட் கணக்கில் சரியாக 100 டிகிரி. குளிர்தேசத்து ஆய்வகத்துக்கு அது ஒரு வசதியான எண், நமக்கு அது பங்குனி சித்திரையில் சாதாரண மத்தியானம். காற்றழுத்தம் 14.7 பிஎஸ்ஐ, அதாவது சதுர அங்குலத்துக்கு அத்தனை பவுண்டு, நம் கணக்கில் சுமார் ஒரு கிலோ. ஆவி அழுத்தம் அதற்குப் பக்கத்தில் வந்தால் எண்ணெய் டேங்கிலேயே கொதிக்கிற நிலைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அதனால் 10, 12 பிஎஸ்ஐக்குள் வைத்து அனுப்புவதுதான் பொதுவான வழக்கம்.

பிரிக்காமல் அனுப்பினால் என்ன என்று கேட்டீர்கள் அல்லவா. கனடாவில் லாக்-மெகான்டிக் என்று ஒரு சிற்றூர். 2013 ஜூலை 6 அதிகாலை, அமெரிக்காவின் பாக்கன் எண்ணெய் வயல்களிலிருந்து கச்சா எண்ணெய் ஏற்றி வந்த ரயில், சரிவில் ஓட்டுநர் இல்லாமல் உருண்டு வந்து ஊர் நடுவில் தடம்புரண்டு வெடித்தது. 47 பேர் செத்தார்கள். ரயில் உருண்டதற்குப் பிரேக் முதலான வேறு காரணங்கள் உண்டு, அதை எண்ணெயின் தலையில் கட்ட முடியாது. ஆனால் கச்சா எண்ணெய் அவ்வளவு மூர்க்கமாக எரிந்ததைப் பார்த்துத்தான், லேசான சரக்கு நிறைய உள்ள எண்ணெயை ரயிலில் ஏற்றலாமா என்ற கேள்வி கிளம்பியது. அந்த வயல்கள் இருக்கும் வடக்கு டகோட்டா மாநிலம் 13.7 பிஎஸ்ஐக்கு மேல் ஆவி அழுத்தம் உள்ள எண்ணெயை அனுப்பக் கூடாது என்று உத்தரவு போட்டது, 2015 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அங்கே பல கிணறுகளில் ஒரு செப்பரேட்டர், ஒரு ஹீட்டர் ட்ரீட்டர், நேரே டேங்க், அவ்வளவுதான் ஏற்பாடு.

பெரிய வயல்களில் இந்தக் கடைசிக் கேஸை எடுக்க ஸ்டெபிலைசர் என்று உயரமான தூண் கட்டுவார்கள். இட்லிக் கொப்பரையை நினைத்துக்கொள்ளுங்கள். அடுக்கடுக்காகத் துளையிட்ட தட்டுகள், அடியில் கொதி, ஆவி மேலே ஏறுகிறது, எண்ணெய் மேலிருந்து தட்டுத் தட்டாக இறங்கி வருகிறது. ஒவ்வொரு தட்டிலும் ஏறுகிற ஆவியும் இறங்குகிற எண்ணெயும் முகம் பார்த்துக்கொள்ளும்போது லேசானது ஆவியோடு மேலே போகும், கனமானது எண்ணெயோடு கீழே வரும். அடியில் வந்து சேர்வது அடங்கிய எண்ணெய். உலகத்திலேயே பெரிய இப்படிப்பட்ட ஆலை சவுதி அரேபியாவில் அப்கைக்கில் இருக்கிறது. அங்கே கேஸோடு ஹைட்ரஜன் சல்ஃபைடையும் பிரிக்கிறார்கள். 2019 செப்டம்பர் 14 அன்று ட்ரோன்களும் ஏவுகணைகளும் அங்கேயும் குரைஸ் எண்ணெய் வயலிலும் விழுந்தபோது சவுதியின் உற்பத்தியில் நாளொன்றுக்கு 57 லட்சம் பீப்பாய் நின்றுபோனது, உலக உற்பத்தியில் இருபதில் ஒரு பங்கு. எண்ணெய் கிணற்றில் இருந்தது, கப்பலும் துறைமுகத்தில் இருந்தது, நடுவில் கேஸைப் பிரிக்கிற இடம் படுத்ததும் எல்லாம் படுத்துவிட்டது. நம் டெல்டா மாதிரி சிறு வயல்களுக்கு அவ்வளவு பெரிய தூண் கட்டுப்படியாகாது, படிப்படியான செப்பரேட்டரும் ஹீட்டரும் வைத்தே ஓட்டுவார்கள்.

ஹைட்ரஜன் சல்ஃபைட் என்றதும் ஒரு எச்சரிக்கை. நம் பக்கத்து எண்ணெயில் கந்தகம் பொதுவாகக் குறைவுதான், ஆனாலும் எந்த நிலையத்திலும் அதற்கான கருவி இருக்கும், இருக்க வேண்டும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவுக்குப் போனால் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது, உயிருக்கு ஆபத்தும் அந்த அளவில்தான் ஆரம்பிக்கிறது. வாசனை போய்விட்டது, சரியாகிவிட்டது என்று நினைத்து உள்ளே போனவர்கள் திரும்பி வந்ததில்லை.

இப்போது தீக்கு வருவோம். பிரித்த கேஸ் எல்லாம் எரிகிறது என்று நினைக்காதீர்கள். அதிக அழுத்தத்தில் கிடைப்பதை ஈரம் நீக்கிக் குழாயில் விடுகிறார்கள். குத்தாலத்திலும் மன்னார்குடி பக்கம் திருமக்கோட்டையிலும் சுமார் 100 மெகாவாட் திறனுள்ள மின் நிலையங்கள் டெல்டாவின் கேஸை நம்பிக் கட்டியவைதான். அந்தக் கேஸில் தனிக் கேஸ் கிணறுகளிலிருந்து வருவதும் உண்டு. எண்ணெய், நாகூருக்குப் பக்கத்தில் பனங்குடியில் 1993ல் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தது. பழைய ஆலையை மூடிவிட்டுப் பெரிதாகக் கட்டத் திட்டம் போட்டார்கள்.

எரிவது பெரும்பாலும் கடைசிப் படியின் கேஸ். அழுத்தம் இல்லை, அளவும் குறைவு, குழாயில் ஏற்ற வேண்டுமானால் கம்ப்ரஸர் வைத்து அழுத்த வேண்டும், அதற்குச் செலவு. டேங்கின் ஆவியையும் பிடித்துத் திரும்ப அனுப்பும் கருவி இருக்கிறது, எல்லோரும் வைப்பதில்லை. ‘கொஞ்சம்தானே’ என்று எரித்துவிடுவார்கள். எனக்கு இந்தக் கொஞ்சம்தானேயில் உடன்பாடு இல்லை. ஒரு நிலையத்துக்குக் கொஞ்சம், உலகம் முழுக்கச் சேர்த்தால் உலக வங்கியின் கணக்கில் வருடத்துக்கு 14,000 கோடி கன மீட்டருக்கு மேல் எரிகிறது. தவிர, கடைசிப் படியில் வருவது புரொப்பேன் பியூட்டேன் நிறைந்த சத்தான கேஸ், நம் வீட்டு சிலிண்டரில் இருக்கிற அதே சரக்கு. சிலிண்டர் விலை ஏறியது என்று பேசிக்கொண்டே அதை ராத்திரி முழுக்க எரிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அப்படியானால் தீயை அணைத்துவிட்டால் நல்லதா? அதுவும் இல்லை. எரிக்காமல் விட்டால் மீத்தேன் அப்படியே காற்றில் கலக்கும், நூறு வருடக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 28 மடங்கு சூடேற்றும், இருபது வருடக் கணக்கில் 80 மடங்குக்கும் மேல். பக்கத்தில் தாழ்வான இடத்தில் கனமான ஆவி தேங்கினால் தீப்பிடிக்கும் பயம் வேறு. ஃப்ளேர் என்பது குக்கரின் விசில் மாதிரி, உள்ளே ஏதாவது ஏடாகூடமானால் மொத்தக் கேஸையும் அந்த வழியாகத்தான் விட வேண்டும், அதனால் நுனியில் ஒரு சின்னச் சுடர் எப்போதும் எரிந்துகொண்டுதான் இருக்கும். சின்னச் சுடர் அவசியம். பெரிய தீ நாள் தவறாமல் எரிந்தால் அது செலவுக் கணக்கு.

இன்னொரு குழப்பமும் நம் பக்கத்தில் உண்டு. மன்னார்குடி மீத்தேன் திட்டம் என்று பேசப்பட்டது இது இல்லை. அது நிலக்கரிப் படுகையில் ஒட்டிக்கொண்டிருக்கிற மீத்தேன், அதை எடுக்க முதலில் நிலத்தடி நீரை இறைத்து இறைத்து வெளியேற்ற வேண்டும், விவசாயிகள் எதிர்த்தது அதற்காக. இங்கே நான் சொல்வது எண்ணெயோடு கரைந்து வருவது. இரண்டும் மீத்தேன்தான், எடுக்கிற விதமும் ஆபத்தும் வேறு. 2020ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவில் புதிதாக இவை எதையும் தொடங்கத் தடை போடுகிறது, ஏற்கெனவே ஓடுகிற கிணறுகள் ஓடுகின்றன.

தம்பியை அனுப்பலாமா என்றால், தாராளமாக அனுப்புங்கள், ஆனால் இதை வைத்துச் சொந்த ஊரிலேயே முப்பது வருடம் ஓட்டலாம் என்ற கணக்கில் வேண்டாம். இங்கே எண்ணெய் வயல்கள் பழசு, புதிதாகத் தோண்டவும் வழியில்லை. செப்பரேட்டரும் வால்வும் கற்றுக்கொண்டவனுக்கு ராஜஸ்தானோ வளைகுடாவோ வித்தியாசம் கிடையாது. ஒப்பந்தக்காரர் மூலம் சேர்கிறான் என்றால் கேஸ் கண்டுபிடிக்கும் கருவியை அவன் சட்டைப் பையில் மாட்டித் தருகிறார்களா என்று முதல் நாளே கேட்கச் சொல்லுங்கள். கண்ணாடிக் குழாயை ஷிஃப்டுக்கு ஒருதரமாவது ஊதிவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

நீங்கள் மாடியிலிருந்து செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. தீ மஞ்சளாக, புகையில்லாமல், ஒரே உயரத்தில் எரிந்தால் உள்ளே எல்லாம் ஓரளவு சரியாக ஓடுகிறது. சிவந்து கரும்புகை விட்டாலோ, துளி சொட்டினாலோ, உறுமுகிற சத்தம் விட்டு விட்டு வந்தாலோ, திரவம் கேஸ் குழாய்க்குள் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். தீ அணைந்துபோய் கேஸ் வாசனை மட்டும் வந்தால் அது இன்னும் மோசம், வீட்டில் அடுப்பை அணைத்துவிட்டுக் காற்று வருகிற திசைக்குக் குறுக்காக விலகிப் போங்கள். நிலையத்தின் கேட்டில் அவசர எண் எழுதியிருக்கும், அதை இப்போதே போனில் போட்டு வையுங்கள். கூப்பிட்ட தேதி, நேரம், காற்றடித்த திசை மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள், வயலில் பொட்டு விழுந்திருந்தால் போட்டோவும். அந்த சம்பா நாற்றுக்காரரிடம் கையில் நாற்று மட்டும்தான் இருந்தது.